கேட்டுத்தான் நகர்த்தினார்

அன்று இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிளம்பர் இருந்தார். மணவூர்க்காரர். காலை ரயிலில் வந்து இறங்கி, எங்கள் வாசலில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்.

பிளம்பரின் மச்சான் இருந்தார். கயிறு இழுக்க வந்தவர். அதிகம் பேச மாட்டார்.

எதிர் டீக்கடைக்காரர் இருந்தார். கடையைப் பெண்சாதியிடம் விட்டுவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

தெருமுனையில் பூ கட்டுகிற அம்மா இருந்தார். இடுப்பில் குடம்.

கண்டக்டர் இருந்தார். பஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. இன்னமும் அதுதான் அவருக்குப் பேர். தெருவில் இரண்டு வீட்டுக்குள் சண்டை என்றால் அவர்தான் நாற்காலி போட்டு உட்காருவார். அன்று இரண்டு பக்கெட்டோடு வந்திருந்தார்.

பாவாவின் தம்பி இருந்தார். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் போட்டிருக்கிறார். தறியை நிறுத்திவிட்டு டவுன் பஸ் ஏறி வந்தார்.

பாவா இருந்தார். நான் இருந்தேன்.

அக்கா உள்ளே அடுப்படியில் இருந்தாள். வெளியே வரவில்லை. அதனால் அவளைச் சேர்க்கவில்லை.

ஒரு தண்ணீர் டேங்க்கை நகர்த்த இத்தனை பேர் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எல்லோருக்கும் டீ சொன்னேன்.

பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பேரை எழுதப் போவதில்லை. தெருவில் கேட்டால் சொல்வார்கள். நல்லவிதமாகத்தான் சொல்வார்கள்.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கிறது. கேட்காமல் எதையும் எடுக்க மாட்டார். கேட்காமல் எதையும் தொட மாட்டார்.

அம்மையார்குப்பத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் சின்னப் பெண். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றார்கள். மாப்பிள்ளை மட்டும் எழுந்து தண்ணீர்ப் பானை இருந்த மூலைக்கு வந்தார். பானைமேல் சொம்பு கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

"பாப்பா, சொம்பு எடுத்துக்கட்டுமா?" என்றார்.

அதுவரை என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. செய் என்பார்கள், செய்வேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவரும் எடுக்காமல் நின்றார். பாயில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன். அதற்கும் எடுக்கவில்லை.

"வாயத் தொறந்து சொல்லு பாப்பா" என்று சிரித்தார்.

"ஆங்" என்றேன். அப்புறம்தான் சொம்பைத் தொட்டார்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு அம்மாவிடம், ஒரு சொம்பு எடுக்கச் சின்னப் பெண்ணைக் கேட்கிறவன், இவன் கையில் கொடுத்தால் நம்ம பொண்ணு கண் கலங்க மாட்டாள் என்றார். அதன்மேல்தான் கல்யாணம் முடிவானது. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அவர் வீட்டோடு வந்துவிட்டார்.

ஆள் ஒல்லி. எப்போதும் வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். ஏதாவது கேட்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். எடுக்க மாட்டேன், பயப்படாதே என்கிற மாதிரி இருக்கும். பதில் வரும்வரை நிற்பார். அவசரப்பட மாட்டார்.

டீக்கடையில் பேப்பர் சும்மா கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிப்பார்கள். பாவா கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். பஸ்ஸில் காலியாக இருக்கிற சீட்டில் உட்காருவதற்குக்கூடப் பக்கத்து ஆளைக் கேட்பார் என்று கண்டக்டர் சொல்லிச் சிரித்திருக்கிறார். யாராவது புகழ்ந்தால், "கேக்காம செய்யற பழக்கம் நம்ம கிட்ட கெடையாதுங்க" என்பார்.

பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. கிளை நிறையக் காய். எங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் தொங்குவதை நாங்கள் எப்போதும் பறித்துத்தான் தின்றோம். பாவா வந்த புதிதில் அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். சாயங்காலம், ஆம்பிளைகள் நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற நேரம். உங்கள் மரத்துக் காய் எங்கள் பக்கம் தொங்குகிறது, பறிக்கட்டுமா என்று கேட்டார். அந்த வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. இதையெல்லாம் கேட்கவே வேண்டாம், அந்தக் கிளையே உங்களதுதான் என்றார்.

அடுத்த வருஷம் அவர் பெண்சாதி அந்தக் கிளையில் காய் பறிக்கத் தொரட்டியோடு வந்தார். பாவா போய், ரொம்ப மரியாதையாக, "உங்க வீட்டுக்காரரு எங்களுதுன்னு சொன்னாரேம்மா" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தொரட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் வரவில்லை.

நாங்களும் சிரித்தோம். அக்கா சாம்பார் வைத்தாள்.

என்னை மணவூரில் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. தகரப்பெட்டியோடு நான் நடந்து வந்தேன். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பாவாதான் தெரு முனைவரை நடந்து வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"பாப்பா, பெட்டிய நான் தூக்கியாரட்டுமா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆங் என்றேன். பெட்டியைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு தெருவில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக அவர் என்ன கேட்டாலும் ஆங் சொல்லலாம் என்று இருந்தேன். பல வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் புரியாது.

மலைப்படிக்குப் போகிற தெரு. தெருவைப் பார்த்து வீடு. வீட்டுக்குப் பின்னால் நீளமாக இடம் போகிறது. நடுவில் தண்ணீர் இறைக்கிற போர் இருக்கிறது. போருக்குப் பக்கத்தில் நாலு கல் காலை நட்டு, மேலே கடப்பா கல் போட்டு, கறுப்பு டேங்க் உட்கார்ந்திருந்தது. டேங்க்குக்குப் பின்னால் முற்றம் மாதிரி திறந்த வாசல், ஒரு வேப்பமரம். அந்த வாசலுக்குப் பக்கச் சந்திலிருந்து ஒரு கேட். வாசல் முடிகிற கடைசியில் இரண்டு குளியலறை, ஒரு ரூம்.

நைனா தறியை விற்று அந்தக் குளியலறைகளைக் கட்டினார். கிருத்திகைக்கு வருகிறவர்கள் மொட்டை போட்டுக்கொண்டு நேராக எங்கள் சந்து கேட்டுக்குத்தான் வருவார்கள். நகரி, புத்தூர் பக்கத்து ஜனங்கள் வருஷா வருஷம் எங்களிடமே வருவார்கள். டேங்க் வீடு என்பார்கள். காவடியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, குளித்து, மஞ்சள் துணி மாற்றிக்கொண்டு படி ஏறுவார்கள். நான் திரும்பி வந்த பிறகு அந்த வேலை என்னுடையது. வெந்நீர் போடுவது, குளியலறை கழுவுவது, பைகளைப் பார்த்துக்கொள்வது. அந்தக் கடைசி ரூமில் இருந்துகொண்டேன். ஆடிக் கிருத்திகையும் மாசக் கிருத்திகையும்தான் எனக்குச் சோறு.

நைனா கீழே விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாவா பார்க்கப் போனார். நானும் கூட இருந்தேன். நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பாவா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மொபெட் சும்மா நிற்கிறது, நான் எடுத்துக்கொள்ளட்டுமா நைனா என்றார். நைனா ஆங் என்றார். மருந்து வாங்க, சோறு எடுத்து வரத்தான் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மொபெட் இல்லை. ஆர்.கே.பேட்டையில் தம்பியிடம் இருந்தது. நைனா கேட்டார்.

"கேட்டேனே நைனா. நர்சம்மா கூட இருந்தாங்களே" என்றார் பாவா. குரலில் கோபமே இல்லை.

நைனா கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்புறம், ஆமா, கேட்டான் என்றார்.

அந்த வாரத்திலேயே எங்கள் இரண்டு பேரையும் பாவாவையும் கூப்பிட்டு, பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாகம் சொன்னார். கைத்தடியால் டேங்க்கின் கல் காலைத் தட்டினார்.

"டேங்க்குக்குப் பின்னாடி சின்னவளுது. முன்னாடி பெரியவளுது. தண்ணி ரெண்டு பேருக்கும்."

அவ்வளவுதான். யாரும் எழுதவில்லை. எங்கள் தெருவில் அடி சொல்லிப் பாகம் பிரிக்க மாட்டார்கள். கிணற்றுக்கு இந்தப் பக்கம், துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் என்றுதான் சொல்வார்கள். எல்லோருக்கும் புரியும். பத்திரம் நைனா பேரிலேயே இருந்தது. கேட்கிறவர்களிடம் எல்லாம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், டேங்க்குக்குப் பின்னாடி என்னுது என்று. பூக்காரம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தெரியாது.

நைனா போனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை. பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிடலாம் என்று பேச்சு நடந்தது. பாவா எழுந்து நின்றார். தன் பெண்சாதியைக் கேட்கவில்லை. அத்தனை ஜனங்களையும் தாண்டி வந்து என் முன்னால் நின்று, நான் வைக்கட்டுமா பாப்பா என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். காத்திருந்தார். சொன்னேன். அங்கே இருந்த கிழவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைக்கும் என்று எரித்துவிட்டு வரும் வழியெல்லாம் பேச்சு.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்குப் பிள்ளை மாதிரி ஆனார்.

அடுத்து மேடை. ஒரு ஆடியில் நகரிக் கூட்டம் வந்து வேப்பமரத்தடியில் காவடி இறக்கியது. அவர்களில் மூத்தவர் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பாவா வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காவடியைத் தரையில் வைக்கிறார்கள், பாவம், குளியலறைக்கு முன்னால் ஒரு மேடை கட்டிவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். நகரிப் பெரியவர் கும்பிட்டுவிட்டார். ஆங் என்றேன். என் இடத்தில், என் ஜனங்களுக்கு, அவர் கையால் செங்கல் வைத்துக் கட்டித் தருகிறார். வேறென்ன சொல்வது.

மேடையை இடுப்புயரம் கட்டினார். காவடி வைக்க அவ்வளவு உயரம் எதற்கு என்று நினைத்தேன். நல்ல கலவை. இப்போதும் ஒரு விரிசல் இல்லை.

தை மாசம் டேங்க்கின் ஒரு கல் கால் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. பிளம்பரை வரச் சொன்னார். டேங்க்கில் இருக்கிற தண்ணீரைத் திறந்துவிடப் போகிறோம், வீணாகப் போகிறது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று தெருவில் நாலு வீட்டுக்குச் சொன்னார். அதனால்தான் பூக்காரம்மா குடத்தோடும் கண்டக்டர் பக்கெட்டோடும் வந்தார்கள். தம்பியை எதற்குக் கூப்பிட்டார் என்று தெரியாது. டீக்கடைக்காரர் கை கொடுக்க வந்தார்.

தண்ணீர் வடிந்தது. பிளம்பர் பைப்பைக் கழற்றினார். மச்சான் கயிறு கட்டினார். எல்லோரும் வாசலில் நின்றோம். மண் சேறாகிவிட்டது. டேங்க் காலியாகி, காற்றுக்கு ஆடியது. அப்போது பாவா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா. கல்லு சாஞ்சிபோச்சி. மறுபடி இங்கயே நட்டா மறுபடி சாயும். உன் பாத்ரூம்கிட்ட மேடை சும்மா கெடக்குது. அதுமேல வெச்சிட்டா உனக்குத் தண்ணி வேகமா வரும். டேங்க்க அங்க நகத்திடட்டுமா?"

"நல்ல யோசனைதான்" என்றார் கண்டக்டர்.

என் குளியலறையில் தண்ணீர் நூலாகத்தான் வரும். ஜனங்கள் குறை சொல்வார்கள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. தலையை ஆட்டினேன்.

பாவா நகரவில்லை. பிளம்பரையும் நகரவிடவில்லை.

"வாயத் தொறந்து சொல்லு பாப்பா."

"ஏம்பா, அதான் தலைய ஆட்டுதே" என்றார் டீக்கடைக்காரர். "கல்யாணத்துக்கா சம்மதம் கேக்கற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஆங்" என்றேன்.

தூக்கிக்கொண்டு போய் மேடைமேல் வைத்தார்கள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பழைய கல் கால்களை அன்றைக்கே பிடுங்கிவிட்டார்கள். குழியை மூடி, மேலே சிமெண்ட் பூசி, சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் ஒன்று இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. அக்கா அப்போதுதான் வெளியே வந்தாள். சிமெண்ட் காயவில்லை, மிதிக்காதே என்று என்னிடம் சொன்னாள்.

தண்ணீர் வேகமாக வந்தது. அது பொய்யில்லை.

ஆனி மாசம். ஆடிக்கு ஜனங்கள் வருவதற்கு முன்னால் குளியலறைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று கதவைத் திறந்து வெளியே வந்தேன். டேங்க்கை ஒட்டி, வாசலுக்குக் குறுக்கே, வரிசையாகக் கல் நட்டிருந்தது. இரண்டு ஆட்கள் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரம் கம்பிக்கு அந்தப் பக்கம். சந்து கேட் அந்தப் பக்கம். என் பக்கம் குளியலறைகளும் ரூமும்தான். கால் நீட்டி உட்கார இடம் இல்லை.

பாவாவைக் கூப்பிட்டேன். வந்தார்.

"இன்னா பாவா இது?"

"வேலி, பாப்பா. வேப்பமரத்தாண்ட ரூம் எடுக்கலாம்னு இருக்கேன். ஜனங்க தங்கறதுக்கு."

"அது என் எடம்."

"நைனா இன்னா சொன்னாரு? டேங்க்குக்கு முன்னாடி பெரியவளுது. நீயே எல்லார் கிட்டயும் சொல்லிகினு இருந்தியே."

"டேங்க் அங்க இருந்துது பாவா."

"ஆங். இருந்துது. உன்னக் கேட்டுத்தானே நகத்தினோம்."

கையைப் பின்னால் கட்டவில்லை. முன்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

ஜனங்கள் எப்படி என் குளியலறைக்கு வருவார்கள் என்று கேட்டேன்.

"வரட்டும். நான் தடுக்கல. என் வாசல் வழியாத்தானே வரணும். என்னக் கேட்டுட்டு வரட்டும்."

அன்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சொம்பு. முருங்கை. பெட்டி. மொபெட். கொள்ளி. மேடை. டேங்க். ஒவ்வொன்றிலும் சுற்றி ஆள் இருந்தார்கள். நானும் அவரும் தனியாக இருக்கும்போது அவர் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. ஒரு தடவை ஏணி வேண்டும் என்று என் ரூம் பக்கம் வந்தார். நான் தனியாக இருந்ததைப் பார்த்தார். கேட்காமலே திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து டீக்கடைக்காரரோடு வந்து ஏணியைக் கேட்டார். அந்த ஏணி அதற்கப்புறம் திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு அது கண்ணில் படவில்லை.

பெட்டி தூக்கியதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. சேர்க்காமல் இருக்கத்தான் மனசு சொல்கிறது.

இப்போது நான் அங்கே இல்லை. படியடியில் உட்கார்ந்து மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் பூசுகிறேன். பக்கத்தில் பூசுகிறவர்கள் பூசட்டுமா, பூசட்டுமா என்று கூப்பிடுவார்கள். நான் யாரையும் கேட்பதில்லை. தானாக வந்து தலையைக் குனிந்தால் பூசுவேன். நகரி ஜனங்கள் சில பேர் அடையாளம் கண்டு நிற்பார்கள். டேங்க் வீட்டு அக்காதானே என்பார்கள். குளிக்க இப்போதும் அங்கேதான் போகிறார்களாம். தண்ணீர் நல்ல வேகமாம்.

பாவா அந்த வழியாகத் தினமும் போவார். என்னைப் பார்த்தால் நின்று, பாப்பா, சாப்டியா என்பார். கூட யாராவது இருந்தால்தான் நிற்பார்.

பஞ்சாயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கேஸ் போடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அக்கா மேல் கேஸ் போட எனக்கு வராது. கண்டக்டரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நாற்காலி போட்டார். டேங்க் நகர்த்திய அன்று இருந்தவர்கள் எல்லோரும் வரட்டும் என்றேன். அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். டேங்க் முதலில் எங்கே இருந்தது என்று அவர்கள் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். பாவாவும் அதையேதான் கேட்டார். எல்லோரும் வரட்டும் என்றார். பிளம்பரையும் மச்சானையும் அவரே போன் போட்டு வரவழைத்தார்.

"நான் பேசட்டுங்களா?" என்று கண்டக்டரைக் கேட்டுவிட்டுத்தான் பாவா பேசினார். டேங்க் அங்கே இருந்தது என்பதை மறைக்கவில்லை. அங்கே இருந்தது, இங்கே வந்தது, யாரைக் கேட்டு வந்தது, அதை மட்டும் இவர்கள் சொல்லட்டும் என்றார்.

கண்டக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார்.

கேட்டுவிட்டுத்தான் பைப்பைத் தொட்டோம் என்றார் பிளம்பர். மச்சான் ஆமாம் என்றார். டீக்கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டினது போதாது என்று வாயாலும் சொல்லச் சொன்னார், நான்கூடக் கிண்டல் பண்ணினேன் என்றார். தம்பி எழுந்து நின்று அதையே சொன்னார்.

பூக்காரம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்தார்.

"கேட்டாரு. நீயும் ஆங்னு சொன்ன. நான் பொய் சொல்ல முடியாது பாப்பா."

"பொய் சொல்லச் சொல்லல" என்றேன்.

"நானும்தான் இருந்தேன்" என்றார் கண்டக்டர். "நல்ல யோசனைன்னு வேற சொல்லித் தொலைச்சேன்."

ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

டேங்க்கை நகர்த்தத்தான் ஆங் சொன்னேன், இடத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை என்றேன். நைனா தடியால் தட்டிய இடம் எது என்று கேளுங்கள் என்றேன். கண்டக்டர் நெற்றியைத் தேய்த்தார். உங்கள் அப்பா தட்டினதைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டார். நாங்கள் மூன்று பேர்தான். நான், பாவா, அக்கா.

"அக்காவைக் கேளுங்க" என்றேன். "நைனா சொல்றப்போ என் தோள்மேல கை போட்டுகினு நின்னா. அவ சொல்லட்டும். அவ இன்னா சொன்னாலும் நான் ஏத்துக்கறேன்."

அக்கா நிலைப்படியில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருந்தாள். பாவா அவள் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா" என்றார் கண்டக்டர். "ஒங்கப்பா எந்த எடத்தத் தட்டினாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். சிமெண்ட் பூசிய இடத்தைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். வாயைத் திறந்து சொல் என்று நான் கேட்கவில்லை.

"அதெல்லாம் எனக்கு நெனப்பு இல்லீங்க" என்றாள். "அன்னைக்கு இவ ஆங்னு சொன்னது எனக்கும் உள்ள கேட்டுது."

அடுப்பில் தீய்கிற வாசனை வந்தது. உள்ளே போய்விட்டாள்.

கண்டக்டருக்கு எதையும் விரல் விட்டு எண்ணுகிற பழக்கம், பஸ்ஸில் தலை எண்ணின பழக்கம். பிளம்பருக்கு ஒரு விரலை மடக்கினார். மச்சானுக்கு ஒன்று. டீக்கடைக்காரர், பூக்காரம்மா, தம்பி. ஒரு கை முடிந்தது. அடுத்த கையில் தனக்கு ஒன்று மடக்கினார். கொஞ்சம் நிறுத்தினார். நிலைப்படியைப் பார்த்தார். இன்னொரு விரலையும் மடக்கினார்.

ஏழு.